கம்பெனியா, லோக்கலா? கோவண்டியில் ஒரு கனெக்டரின் விலை

கோவண்டி சிவாஜி நகரின் மின்சாமான் கடைகளில் வயர் இணைக்கும் கனெக்டர் கேட்பவருக்கு உடனே ஓர் எதிர்க்கேள்வி வருகிறது: "கம்பெனியா, லோக்கலா?" இரண்டும் ஆங்கிலச் சொற்கள், ஆனால் அவற்றின் பொருள் மும்பைச் சந்தையில் உருவானது. கேடு வந்தால் போய்க் கேட்பதற்கு ஒரு பெயர் உள்ள சரக்கு 'கம்பெனி'. பெயரில்லாத சரக்கு 'லோக்கல்'; அது கடல் கடந்து வந்திருந்தாலும் லோக்கல்தான். கடைக்காரர் உச்சரிக்காத மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு: 'டூப்ளிகேட்'. அதில் பெயர் இருக்கும், பொறுப்பு இருக்காது. வாங்குபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறார். மூன்றில் ஏதோ ஒன்று அவர் கைக்கு வருகிறது.

லோக்கல் சரக்கு குறைந்தபட்சம் பொய் சொல்வதில்லை. விலை குறைவு, உத்தரவாதம் இல்லை என்ற இரண்டையும் அது மறைப்பதில்லை. டூப்ளிகேட்டோ நம்பிக்கைக்கான விலையையும் வாங்கிக்கொண்டு நம்பிக்கையைத் தராமல் விடுகிறது. பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த நிலையைத்தான் ஆராய்ந்தது. சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது, மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டுகிறது. இதற்கு மாற்றாக அவர் சுட்டியவற்றுள் வணிகப் பெயரும் ஒன்று. ஆனால் பெயரையே நகலெடுக்க முடிகிற சந்தையில் அந்த மாற்றும் வலுவிழக்கிறது.

கனெக்டரின் தரம் கண்ணுக்குத் தெரியாது என்பதே சிக்கலின் வேர். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறு பித்தளைக் குழாய், இருபுறமும் திருகாணி: பட்டையாக வரும் சாதாரணக் கனெக்டர் இவ்வளவுதான். விலை குறையக் குறையப் பித்தளையின் கனம் குறைகிறது. சிலவற்றில் முலாம் பூசிய இரும்பு அதன் இடத்தைப் பிடிக்கிறது. இன்னொரு வகை, நெம்பியைத் தூக்கி வயரைச் செருகி அழுத்தினால் வில் பிடித்துக்கொள்ளும் கனெக்டர். ஜெர்மனியின் மிண்டன் நகரில் 1951இல் தொடங்கப்பட்ட வாகோ நிறுவனத்தின் சரக்கு இவ்வகையில் பெயர்பெற்றது. அதே தோற்றமுள்ள மலிவுச் சரக்கும் அதே கடையில், அதே அலமாரியில் கிடைக்கும். முதல் நாளில் மூன்றும் ஒரே மாதிரி விளக்கை எரியவைக்கும்.

வேறுபாடு வெப்பத்தில் தெரியவரும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்று ஜூல் 1841இலேயே நிறுவிவிட்டார். தளர்ந்த இணைப்பு ஒன்றின் மின்தடை 0.1 ஓம் என்று கொள்வோர், 230 வோல்ட்டில் இயங்கும் 9 வாட் எல்.இ.டி. விளக்கையும் 1500 வாட் வெந்நீர் ராடையும் அதன் வழியாக மாற்றி மாற்றி இயக்கிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விளக்கு எரியும்போது இணைப்பில் உண்டாகும் வெப்பம் பொருட்படுத்தத் தக்கதன்று. ராடு ஓடும்போது அது நான்கு வாட்டைத் தாண்டும். முன்னதைப் போல ஏறத்தாழ 28,000 மடங்கு. நகக்கண் அளவுள்ள பிளாஸ்டிக்குக்குள் நான்கு வாட் என்பது சிறிய தொகையன்று. சூட்டில் உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, திருகாணி மேலும் தளர்கிறது, மின்தடை மேலும் ஏறுகிறது. மழைக்கால ஈரமும் கழிமுகத்தின் உப்புக் காற்றும் சேர்ந்தால் உலோகம் களிம்பேறி இந்தச் சுழற்சி விரைவுபடும்.

இதைவிடக் கவலைக்குரியது, எம்.சி.பி. இந்தச் சூட்டை உணர்வதில்லை என்பது. அது மின்னோட்டம் வரம்பு மீறினால் மட்டுமே விழும். தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தை ஏற்றுவதில்லை. சற்றே குறைக்கவும் செய்கிறது. ஆகவே புத்தம் புதிய எம்.சி.பி. மாட்டிய வீட்டிலும் சுவருக்குள் பிளாஸ்டிக் மெல்லக் கருகிக்கொண்டிருக்க முடியும். அமெரிக்காவில் 1972க்கு முன் தயாரான அலுமினிய வயர் போட்ட வீடுகளை அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக ஆராய்ந்தபோது, அங்கு ஓர் இணைப்பாவது தீப்பற்றும் நிலையை எட்டும் வாய்ப்பு தாமிர வயர் வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. அங்கும் ஆபத்து குவிந்திருந்த இடம் வயரின் நீளத்தில் அன்று, அதன் முனைகளில்.

இந்த இயற்பியலுக்குச் சிவாஜி நகரில் ஒரு சமூகவியலும் உண்டு. 1970களில் மறுகுடியமர்த்தலுக்காக 10 அடிக்கு 15 அடி என அளந்து கொடுக்கப்பட்ட மனைகள் இன்று மாடிமேல் மாடியாக எழுந்துள்ளன. ஒவ்வொரு மாடிக்கும் கீழ்த்தளத்து வயரிலிருந்து ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இணைப்பு. பலவற்றில் கனெக்டரே கிடையாது: கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்கும். மலிவுக் கனெக்டரின் உண்மையான போட்டியாளர் பெயர்பெற்ற நிறுவனம் அன்று, செலவே இல்லாத இந்த முறுக்குதான்.

"ராடு போடுற லைன் அண்ணாச்சி, நல்ல கனெக்டரா வாங்கிக் குடுங்க" என்று வயர்மேன் கேட்பதும், "இருக்கிறதே சலேகா, டேப்பச் சுத்தி விடுங்க" என்று வீட்டுக்காரர் முடிப்பதும் இங்கே வழக்கமான உரையாடல். 'சலேகா' மும்பைத் தமிழில் ஊறிப்போன இந்திச் சொல். 'போதும்', 'பரவாயில்லை', 'ஓடும்' மூன்றும் அதில் அடங்கும். எத்தனை நாளைக்கு ஓடும் என்பது மட்டும் அடங்காது. சாமான் வாங்குபவர் வீட்டுக்காரர். அவர் பெரும்பாலும் அந்த அறையில் உறங்குவதில்லை. உறங்குபவரின் ஒப்பந்தம் பதினொரு மாதம். அடுத்த குடித்தனக்காரருக்காக அவர் சுவரைத் திறந்து பார்க்கப் போவதில்லை. மிச்சம் பிடிப்பவர் ஒருவர், ஆபத்தைச் சுமப்பவர் இன்னொருவர்.

பக்கத்துச் செம்பூரின் சித்தார்த் காலனியில், 2024 அக்டோபர் 6 அதிகாலையில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடம் தீப்பற்றி ஒரே குடும்பத்தின் ஏழு பேர் இறந்தனர். கடையின் மின்கம்பிகளிலும் மின்சாதனங்களிலும் தீ தொடங்கியதாகச் செய்திகள் தெரிவித்தன. அதில் இணைப்புகளின் பங்கு என்ன என்பது இங்கே பேச்சன்று. இத்தகைய வீடுகளில் தீ கீழே பிடித்தால் மேலே இருப்பவருக்கு இறங்க வழியில்லை என்பதே பேச்சு.

ஆகவே 'மலிவா, பெயரா' என்ற கேள்வியைச் சுமையிலிருந்து தொடங்க வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் முறையான அளவுள்ள லோக்கல் பித்தளைக் கனெக்டர், இறுக்கமாகத் திருகப்பட்டால் போதுமானது. முறுக்கி டேப் சுற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். ராடு, கீசர், இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனம் ஓடும் தடத்தில் பேரம் கூடாது. அங்கும் பெயரை மட்டும் நம்பாமல், பெயரை விற்கும் கடையைப் பார்க்க வேண்டும். ரசீது தரத் தயங்கும் கடையில் கம்பெனிச் சரக்கும் லோக்கல்தான். பித்தளைக் குழாயில் காந்தம் ஒட்டினால் அது பித்தளையன்று. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வயரை இழுத்துப் பார்க்கையில் அசைந்தால் அது இணைப்பன்று. திருகாணிக் கனெக்டர்களைச் சில மாதம் கழித்து வயர்மேன் ஒருமுறை திறந்து இறுக்கித் தருவது, எந்த முத்திரையும் தராத காப்பு.

அந்த இரண்டாம் வருகைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. வீட்டு ஒப்பந்தத்தில் வண்ணம் பூசுவதற்கும் விளக்கு மாற்றுவதற்கும் வரி உண்டு. இணைப்புகளைச் சோதிப்பதற்கு இல்லை. கனெக்டரில் மிச்சமாகும் சில பத்து ரூபாயைவிட, எழுதப்படாத அந்த ஒரு வரிதான் கோவண்டியில் அதிக விலை உள்ளது.