அட்டெண்டர் வேலை காலி இல்லை

நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு அடுத்தபடியாக முக்கியப் புள்ளி யார்? டாக்டரா? இல்லை சார், கூட இருக்கிற அட்டெண்டர்! ஃபிளாஸ்க் தூக்க, மருந்துக் கடைக்கு ஓட, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிற சித்தப்பாக்களுக்கு ரிப்போர்ட் வாசிக்க... புருஷன் என்கிற பதவிக்குக் கொஞ்சமாவது மரியாதை கிடைக்கிற ஒரே இடம் அதுதான்.

2022 நவம்பரில் அந்தப் பதவியும் எனக்குப் பறிபோனது. இடம், பின்லாந்தில் தம்பெரே. (தாம்பரம் இல்லை, தம்பெரே!) சாஃப்ட்வேர் புராஜெக்டுக்காகப் போனவள் என் மனைவி. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த நான், ‘குடும்ப உறுப்பினர்’ என்கிற உத்தியோகத்தில் விசா வாங்கிப் போனவன்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் முடிந்தது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சாப்பாடு அவர்களே கொடுத்தார்கள். மருந்து அவர்களே கொண்டுவந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா ரொம்ப மரியாதையாக, “வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்” என்றார். எனக்கு எதற்கு ஓய்வு?

மனைவியும் அவர் கட்சி. “ஏனுங்க, நீங்க இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தா எனக்குத்தான் பயமா இருக்குது. போய் ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. வந்ததுலேர்ந்து ஆபீசையும் வீட்டையும் தவிர நான் என்னத்தப் பாத்தேன்?”

ஆக, அதுதான் எனக்குக் கிடைத்த டியூட்டி. சிவப்பு டிராமில் ஏறினேன். 2021-ல் ஓட ஆரம்பித்த புத்தம் புது டிராம். யாரும் யாரோடும் பேசவில்லை. “என் சம்சாரத்துக்கு ஆபரேஷன்” என்று சொல்லத் தோதாகப் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் கிடைத்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது ஊர். ஒரு ஏரி இன்னொன்றைவிட 18 மீட்டர் உயரம். அங்கிருந்து இங்கே பாய்கிற தண்ணீரை நம்பி, ஜேம்ஸ் ஃபின்லேசன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1820-ல் தொழிற்சாலை போட்டார். அது பெரிய பஞ்சு மில்லாக வளர்ந்தது. 1882-ல் ஸ்காண்டிநேவியப் பக்கத்திலேயே முதல் மின்சார விளக்கு எரிந்தது அந்த மில்லின் நெசவுக் கூடத்தில்தானாம். இப்போது மில் ஓடவில்லை. செங்கல் கட்டடங்களில் சினிமா தியேட்டரும் ஓட்டலும். உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊரைச் செல்லமாக ‘மான்ஸே’ என்கிறார்கள். மான்செஸ்டரின் சுருக்கம்!

நான் கோயமுத்தூர்க்காரன். சங்குச் சத்தத்தில் எழுந்து, அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து தலைமுடியில் பஞ்சோடு வருவதைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு மான்செஸ்டரிலிருந்து இன்னொரு மான்செஸ்டருக்கு வந்து நிற்கிறேன். அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

மறுநாள் கறுப்பு சாஸேஜ். பன்றி ரத்தமும் ரை தானியமும் சேர்த்து அடைத்தது. தொட்டுக்கொள்ள ஒரு பழ ஜாம், குடிக்கப் பால். நம்ம ரத்தப் பொரியலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். ஆனால் ஜாம்? அதை மன்னிக்க முடியாது. லெனினும் ஸ்டாலினும் 1905-ல் முதன்முதலாகச் சந்தித்த கட்டடத்தையும் பார்த்தேன். அதில் அவளுக்கு சுவாரஸ்யம் இல்லை. “ஜாம் என்ன பழம்?” என்றாள்.

நாலாவது நாள், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. குளிருக்கு ஒதுங்கத்தான் கதீட்ரலுக்குள் நுழைந்தேன். 1907-ல் கட்டி முடித்த கருங்கல் தேவாலயம். சுவரில் ஹூகோ சிம்பெர்க் வரைந்த ஓவியங்கள். ஒன்றில், கண்ணில் கட்டுப் போட்ட தேவதை ஒன்று ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருக்கிறது. சிறகில் ரத்தக் கறை. இரண்டு பையன்கள் தூக்கிப் போகிறார்கள். பின்னால் வருகிறவன் நம்மை முறைக்கிறான். தூரத்தில் மில் புகைபோக்கிகள். சிம்பெர்க்கே பெரிய நோயில் படுத்து எழுந்து 1903-ல் முதலில் வரைந்த படம் அது. அர்த்தம் என்னவென்று அவர் சொல்லவே இல்லை.

இன்னொரு படத்தில் கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள். பயமுறுத்தவில்லை. தோட்டவேலை செய்கின்றன! ஒன்று பூச்செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறது. ‘மரணத்தின் தோட்டம்’ என்று பெயர். ரிசல்டுக்குக் காத்திருக்கிறவன் பார்க்க வேண்டிய படமா இது? வெளியே போகலாம் என்று எழுந்தவன், மறுபடி உட்கார்ந்தேன். வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு தேவதையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“தூக்கிட்டுப் போறது யாரு?”

“ரெண்டு பசங்க.”

“பரவால்ல, தேவதைக்கு ரெண்டு அட்டெண்டர்” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ரிசல்ட் எப்ப வரும்னு கேட்டீங்களா?” என்றாள். கேட்டிருந்தேன், காலையில் இரண்டு தடவை.

எட்டாவது நாள் டாக்டர் சொன்னார், கெட்ட கட்டி இல்லை. நர்ஸம்மா என்னிடமும் கை குலுக்கினார்.

மூன்று வாரம் கழித்து, அவள் கதீட்ரலைப் பார்க்கணும் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். தேவதையைப் பார்த்தாள். பிறகு எலும்புக்கூடுகள் முன்னால் போய் நின்றாள்.

“இதப் பத்தி நீங்க சொல்லவே இல்லியே?”

நான் கூரையைப் பார்த்தேன்.

“செடியெல்லாம் நல்லாத்தான் பாத்துக்குதுங்க” என்றாள்.