'கடவுள்' பேப்பர் கிளியர் பண்ணியாச்சா?

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தாலும் விட மாட்டார்கள். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், அப்புறம் சுற்றுச்சூழல், வேல்யூ எஜுகேஷன்... 'நான் கெமிஸ்ட்ரி படிக்க வந்தேனா, இதையெல்லாம் படிக்க வந்தேனா?' என்று புலம்பாத ஆள் நம்ம காலேஜ்களில் உண்டா பாஸ்? அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான். ஆனால், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டாய பேப்பரின் பெயரைக் கேட்டாலே ஆடிப்போவீர்கள். 'கடவுள் என்கிற பிரச்னை'!

அந்த இடம், வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். 1789-ல் ஆரம்பித்த, அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். நடத்துவது இயேசு சபை. திருச்சி ஜோசப், பாளை சேவியர், சென்னை லயோலா எல்லாம் நடத்துகிறார்களே, அதே பார்ட்டிதான். வாங்க, ஒரு ரவுண்டு போவோம்!

பாலம், படி, பேய்!

ஜார்ஜ்டவுனுக்கு மெட்ரோ ரயில் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் ராஸ்லின் ஸ்டேஷனில் இறங்கி, கீ பாலம் வழியே பொட்டோமக் நதியைக் கடந்து நடக்க வேண்டும். நடக்க நடக்க, எதிரே மேட்டில் கூர்கோபுரங்களோடு ஒரு கோட்டை எழும்பும். அதுதான் காலேஜ்.

பாலம் முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக 75 படிகள். பார்த்த மாதிரி இருக்கா? 1973-ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் க்ளைமாக்ஸில் பாதிரியார் உருண்டு விழுவாரே, அதே படிகள்தான்! கதையை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி இதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்.

மூச்சு வாங்க மேலேறி, பழைய டிராம் தண்டவாளம் இன்னமும் கிடக்கிற ஓ தெருவில் திரும்பினால் மெயின் கேட். உள்ளே நிறுவனர் ஜான் கரோல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பின்னாடி ஹீலி ஹால். அதன் தரையில் பல்கலைக்கழக முத்திரை பதித்திருக்கிறது. அதை மிதித்தால் நாலு வருஷத்தில் டிகிரி வாங்க முடியாது என்று ஒரு நம்பிக்கை. அரியர் பயம் உலகப் பொதுமறை! கோபுரக் கடிகாரத்தின் முள்ளைத் திருடி வாடிகனுக்குப் பார்சல் அனுப்புகிற குறும்பும் இங்கே ஒரு பாரம்பரியம்.

ஒரே ரூம்

இனி பாடத்துக்கு வருவோம். எட்டு செமஸ்டரில் ஒரு மாணவர் சுமார் 40 பேப்பர் எழுதுகிறார். மேஜர் எதுவானாலும் எழுத்துப் பயிற்சி, தத்துவம், இறையியல் என்று பொதுப் பாடங்கள் உண்டு. கலை, அறிவியல் மாணவர்களுக்குத் தத்துவம் இரண்டு, இறையியல் இரண்டு. அந்த இறையியலில் பிரபலமானதுதான் நம்ம 'பிரச்னை' பேப்பர். கடவுள் என்று மனிதர்கள் எதைச் சொல்கிறார்கள், இல்லை என்பவர்கள் ஏன் இல்லை என்கிறார்கள், இவ்வளவு துன்பம் ஏன் என்று போகும். பேராசிரியருக்குப் பேராசிரியர் சிலபஸ் மாறும்.

நம்ம ஊர் கான்வென்ட்டுகளில் அந்த பீரியட் வந்தால் என்ன நடக்கும்? கேட்டகிசம் குரூப் அந்தப் பக்கம், மாரல் குரூப் இந்தப் பக்கம். இங்கே அந்தப் பிரிவினை இல்லை. கத்தோலிக்கர், யூதர், முஸ்லிம், இந்து, 'எனக்குச் சாமியே கிடையாது' கேஸ் எல்லாரும் ஒரே ரூம், ஒரே கேள்வி. வளாகத்திலேயே மசூதியும், 'தர்மாலயா' என்ற பெயரில் தியான இடமும் இருக்கின்றன.

1968-ல் இங்கே பட்டம் வாங்கிய ஒருவர் பாப்டிஸ்ட். அவருடைய விடைத்தாள்களைப் படித்த, பாதிரியாராகப் பயிற்சியில் இருந்த ஆசிரியர் ஒருவர், பையன் கத்தோலிக்கன் என்றே நினைத்து, 'நீ ஏன் பாதிரியார் ஆகக் கூடாது?' என்று கேட்டுவிட்டார். அந்தப் பையன் பிற்பாடு போன ரூட் வேறு. பெயர், பில் கிளிண்டன்!

272 பேர்

இதோடு கிளம்பினால் டூர் முடிந்துவிடும். ஆனால், ஹீலி ஹாலுக்குப் பின்னாடி இருக்கிற முற்றத்துக்கும் போயே ஆக வேண்டும். அங்கே 'ஐசக் ஹாக்கின்ஸ்' என்ற பெயரில் ஒரு கட்டடம். யார் இவர்? 1838-ல் மேரிலாண்ட் இயேசு சபை, காலேஜ் கடனை அடைப்பதற்காக விற்ற 272 அடிமைகளின் பட்டியலில் முதல் பெயர்!

குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அந்தப் பணத்தில் கடன் அடைக்கக் கூடாது என்று ரோமிலிருந்து நிபந்தனை வந்திருந்தது. இரண்டுமே காற்றில் பறந்தன. விற்றவர்கள் யார்? இறையியலைக் கரைத்துக் குடித்த பாதிரியார்கள். எல்லாப் பேப்பரும் கிளியர் பண்ணியவர்கள்!

அடுத்த 36 வருஷத்தில், 1874-ல், இதே பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானவர் பேட்ரிக் ஹீலி. அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளை. ஹீலி ஹால் அவர் பெயரில்தான்.

விற்பனையை முன்னின்று நடத்திய தாமஸ் மல்லடியின் பெயரை அந்தக் கட்டடத்திலிருந்து எடுத்துவிட்டு, ஹாக்கின்ஸ் பெயரை 2017-ல் வைத்தார்கள். 2019-ல் மாணவர்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். விற்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்காக, செமஸ்டருக்கு 27.20 டாலர் எங்கள் ஃபீஸோடு சேர்த்து வாங்குங்கள் என்று. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சரி என்றார்கள். நிர்வாகம் அதை ஃபீஸாக வசூலிக்கவில்லை. பதிலாக, வருஷத்துக்கு 4 லட்சம் டாலர் நிதி என்று அறிவித்தது.

கட்டாய பேப்பர் ஒரு ஆளை நல்லவனாக்கிவிடுமா? 1838 'இல்லை' என்கிறது. அப்புறம் எதற்கு அது? 'நீ விற்றது சரியா?' என்று வாத்தியாரையே கேட்கிற கேள்வி வேண்டுமே... அதைப் பழக ஒரு ரூம் வேண்டாமா?

அடுத்த முறை வேல்யூ எஜுகேஷன் வகுப்பை கட் அடிக்கக் கிளம்பும்போது, பக்கத்து பெஞ்சைக் கொஞ்சம் பாருங்கள். வேறு மேஜர், வேறு சாமி, வேறு ஊர். அவரிடம் கேட்பதற்கு உங்களிடம் ஒரு கேள்வியாவது இருந்தால், பேசாமல் உட்கார்ந்துவிடுங்கள் பாஸ்!