மாப்பிள்ளை பார்த்த கேம்பர்



மகள் வீட்டில் ஐந்தரை மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினோம். "சார், அமெரிக்கா எப்படி இருந்தது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். படங்களைப் பிறகு போடுகிறேன். இன்று எழுதப்போவது, பழைய கேம்பர் ஒன்று வாங்கிய கதை. அங்கே வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். உறவினர்களுக்கு இதில் வேறொரு விஷயம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாதது. பதிவு கொஞ்சம் நீளம். 45 நிமிட வகுப்பைப் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே பிக்கப் வண்டி நிறைய. பின்னால் திறந்த தொட்டி இருக்கும். அந்தத் தொட்டிக்குள் இறக்கி உட்கார வைக்கும் சின்ன அறைதான் டிரக் கேம்பர். உள்ளே படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் உண்டு. வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்திய இடத்தில் கூரையை மேலே தூக்கினால் சுற்றிலும் ரெக்சின் மாதிரி துணிச்சுவர் எழும்பும், ஆள் நிமிர்ந்து நிற்கலாம். இதைத்தான் பாப்-அப் என்கிறார்கள். காற்று எதிர்ப்பு குறைவு, எடையும் குறைவு. புதிது வாங்கினால் விலை கையைச் சுடும். அதனால் பழையதைத் தேடுகிறார்கள்.

மகள் குடும்பம் கொலராடோவில் டென்வர் பக்கம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் தெற்கே கிரேட் சாண்ட் டியூன்ஸ் என்று ஒரு தேசியப் பூங்கா. பனிமலை அடிவாரத்தில் 700 அடிக்கு மேல் உயர்ந்த மணற்குன்றுகள். அங்கே இரவு தங்கி நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பது பேத்தியின் ஆசை. மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே ஒரு பிக்கப் இருந்தது. ஜூன் மாதம் ஒரு நாள், "மாமா, ஒரு கேம்பர் விலைக்கு வந்திருக்கு, 11,500 டாலர். வாங்க, பாத்துட்டு வரலாம்" என்றார்.

போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கேம்பர் ஒரு ஷெட்டுக்குள் இருந்தது. கூரையைத் தூக்கிக் காட்டினார் விற்பவர். உள்ளே புதுப் பெயின்ட், எலுமிச்சை வாசனை, மஞ்சள் விளக்கு. பேத்தி ஓடிப்போய்ப் படுக்கையில் குதித்தாள். மாப்பிள்ளை முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. இன்னும் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள் என்றார் விற்பவர். நாளைக்கே முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. எலுமிச்சை வாசனைக்கு அடியில் மழைக்காலத்துப் பழைய வகுப்பறை நாற்றம் லேசாக அடித்தது. அடுத்தது, அந்தப் பெட்டி அந்த வண்டிக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போதே என் வீட்டுக்காரம்மா எச்சரித்திருந்தார்: "மாப்பிள்ளைகிட்ட வாத்தியார் வேலையைக் காட்டாதீங்க."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் கேம்பர் அல்ல, என் தம்பி.

அவன் ஏன் காலைத் தாங்கி நடக்கிறான் என்று உங்களில் பலருக்குத் தெரியும். 1991இல் வாடகைக்கு ஓட்டுவதற்காக ஒரு பழைய வேன் வாங்கினான். கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதியது. வண்டியில் அவன் மட்டும் இருந்தது கடவுள் செயல். உங்களுக்குத் தெரியாதது இது: வாங்குவதற்கு முந்தைய நாள் அந்த வேனை நானும் போய்ப் பார்த்தேன். குனிந்து அடியில் பார்த்தபோது, பிரேக் எண்ணெய் போகும் குழாய் துருவேறியிருந்தது. அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பாஸ்கல் விதியையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் கரும்பலகையில் வருடா வருடம் வரைந்தவன் நான். அந்தக் குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தம்பி அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். அபசகுனமாக ஏன் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை காபி குடிக்கும்போது இதைச் சொன்னேன். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வண்டியருகே போனேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வண்டிக்கு 1,390. பேத்தியின் நோட்டில் இப்படிக் கணக்குப் போட்டோம்:

கேம்பர் (விற்பவர் சொன்னது) – 1,050
பிறகு மாட்டிய பந்தல், கூரைக் கம்பிகள், இரண்டாவது பேட்டரி – 150
தண்ணீர் 20 கேலன் – 167
நிறைந்த கேஸ் சிலிண்டர் – 37
மூன்று பேர் – 380
படுக்கை, பாத்திரம், சாப்பாடு, நாற்காலி – 150
மொத்தம் – 1,934 பவுண்டு

544 பவுண்டு அதிகம். நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்து சிமென்ட் மூட்டை. மணற்குன்றுக்குப் போகும் வழியில் 9,400 அடி உயரத்தில் லா வீட்டா கணவாய் இருக்கிறது. ஏறியதை இறங்கத்தானே வேண்டும்?

"அரை டன் வண்டிக்கு ஏத்த கேம்பர்னு அவர் சொன்னாரே மாமா" என்றார். அரை டன் என்பது பழக்கத்தில் வந்த பெயர், அது எடைக் கணக்கு அல்ல. விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த காலி எடை. தண்ணீர், கேஸ், பிறகு மாட்டியவை எதுவும் அதில் வராது.

மாப்பிள்ளை எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதியம் வரை அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். இரண்டு மணிக்கு மாப்பிள்ளையே வந்தார். "பகல்ல ஒருதடவை போய்ப் பாத்துடுவோம் மாமா."

போனோம். வெயிலில் வெளியே நிறுத்தித் திறக்கச் சொன்னோம். முன்பக்க மெத்தையைத் தூக்கி, மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். பிளைவுட் பஞ்சு மாதிரி அமுங்கியது. மாப்பிள்ளையை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். புதுப் பெயின்டுக்கு அடியில் தேநீர் நிறத்தில் கறை. "அது எப்போதோ சரிசெய்தது" என்றார் விற்பவர். அந்த மூலைதான் படுக்கையின் எடையையும் கூரையின் எடையையும் தாங்க வேண்டிய இடம். நன்றி சொல்லிவிட்டு வந்தோம். வழியெல்லாம் பேத்தி அழுதாள். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இன்னொன்று கிடைத்தது. 14 வருடப் பழசு. நிறம் மங்கியது. உள்ளே படுக்கை, ஒரு பெஞ்சு, அலமாரி, இரண்டு பர்னர் அடுப்பு, அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ் எதுவும் கிடையாது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒரு அம்மா வைத்திருந்தார். எந்த வருடம் எந்த விளிம்புக்கு சீலன்ட் பூசினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதிக்காக மாப்பிள்ளையும் நானும் இரண்டு மணி நேரம் செலவழித்தோம். பார்த்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. கூரை. ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். கொலராடோவில் ஆலங்கட்டி மழை மோசம். விளிம்புகளிலும் திருகாணிகளைச் சுற்றியும் சீலன்ட் வெடித்திருக்கிறதா, காற்றுத் துவாரத்தின் பிளாஸ்டிக் மூடி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மூடியில் விரிசல் இருந்தது.

2. ஈரம். மெத்தைக்கு அடியில், அலமாரி மூலைகளில், ஜன்னலுக்குக் கீழே, தரையில் விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மூக்கையும் நம்புங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் கூடுதலாகவே மோந்து பாருங்கள்.

3. துணிச்சுவர். நல்ல வெயிலில் உள்ளே போய், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு நில்லுங்கள். ஓட்டை இருந்தால் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரியும். மடிப்பு விழும் இடங்களில்தான் முதலில் கிழியும். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எல்லா ஜிப்பையும் இழுத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒன்று மாட்டிக்கொண்டது.

4. தூக்கும் அமைப்பு. சிலவற்றில் கையால் தள்ள வேண்டும், சிலவற்றில் கைப்பிடி சுற்ற வேண்டும், சிலவற்றில் மோட்டார். எதுவானாலும் விற்பவர் செய்து காட்டினால் போதாது. நீங்களே மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். கூரை ஒரு பக்கம் சாய்ந்து ஏறினாலோ கேபிளில் பிரி விட்டிருந்தாலோ கவனம்.

5. ஜாக்கிகளும் கட்டும் கொக்கிகளும். கேம்பரை வண்டியிலிருந்து கழற்றி நிறுத்த நான்கு மூலையிலும் ஜாக்கி இருக்கும். அவை பொருந்தியிருக்கும் இடத்தில் மரம் உளுத்திருக்கிறதா, வண்டியோடு பிணைக்கும் வளையங்கள் ஆடுகின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். பெட்டியின் எடை மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும். பத்தாம் வகுப்பில் படித்த திருப்புத்திறன்தான்.

6. கேஸ். அங்கே புரொபேன். நம் வீட்டு கேஸ் மாதிரியே காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். உள்ளே இருக்கும் கேஸ் டிடெக்டர், கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் இரண்டுக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் தேதி இருக்கும். இங்கே இரண்டுமே காலாவதி. புதிதாக வாங்கி மாட்டினோம்.

7. மின்சாரம். மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். நிறைந்த 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் காட்டும். பிறகு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மடமடவென்று இறங்கினால் பேட்டரி போய்விட்டது.

8. ஃப்ரிட்ஜும் தண்ணீர்க் குழாயும் இருந்தால். கேஸ் தீயில் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிர்வதற்கே பல மணி நேரம் ஆகும். முந்தைய இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். அம்மோனியா வாடையோ பின்பக்கம் மஞ்சள் தூளோ இருந்தால் அது முடிந்த கதை. குளிர் நாட்டில் குழாயில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் உறைந்து விரிந்து குழாயை வெடிக்கவைக்கும். பம்பை ஓடவிட்டு எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.

9. காகிதம். கேம்பருக்குத் தனி உரிமைப் பத்திரம் உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில விதியைக் கேட்டுவிட்டு, கேம்பரின் தகட்டில் உள்ள எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

ஜிப், மூடி, டிடெக்டர் மூன்றுக்குமாக அந்த அம்மா 400 டாலர் குறைத்தார். 6,400க்கு முடிந்தது. ஆனால் முன்பணம் மட்டும் கொடுத்தோம். மீதியைக் கொடுக்கும் முன் கேம்பரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போனோம். நம் ஊர்ச் சர்க்கரை ஆலை வாசலில் இருப்பதுபோல அங்கேயும் எடை மேடை உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக எடை தருவார்கள். காலி வண்டியை முந்தைய வாரமே எடை போட்டு வைத்திருந்தோம். கழித்துப் பார்த்தால் கேம்பர் 660 பவுண்டு. அந்த அம்மா சொன்னது 620. பொய் இல்லை, அவருக்குத் தெரியவில்லை. ஆட்கள், இரண்டு தண்ணீர்க் கேன், சிலிண்டர், சாமான் எல்லாம் சேர்த்து 1,311. இன்னும் 79 பவுண்டு மிச்சம். இந்தக் கழித்தலைச் செய்தது மாப்பிள்ளை. சீட்டை என்னிடம் நீட்டி, "சரியா பாருங்க மாமா" என்றார்.

செப்டம்பரில் அவர்கள் மூவரும் போய் வந்தார்கள். எங்களுக்கு இடமில்லை, எங்களைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும்! இரவு முழுக்க நட்சத்திரம் எண்ணியதாகப் பேத்தி சொன்னாள். இறக்கத்தில் கீழ் கியரில் மெதுவாக வந்ததாக மாப்பிள்ளை தானாகவே சொன்னார்.

ஊர் வந்த மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனேன். குழாயைப் பார்த்ததையும் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பேனாண்ணே?" என்றான்.

கேட்டிருக்க மாட்டான்தான். ஆனாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். அதையும் அவனிடம் சொன்னேன். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்கண்ணே, என் கால் நாலு பேருக்குப் பாடமா இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அவன் சம்மதத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

பழைய வண்டி, பழைய வீடு என்று எது வாங்கப் போனாலும் கூட ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள் பிள்ளைகளே. கூடப் போகிறவர் நீங்களானால், கண்ணில் பட்டதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அரை நாள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

அனைவருக்கும் என் ஆசிகள். கேம்பர் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள், நான் விட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.