முதல் ரோபோவுக்கு ஒரு கை

மோட்டாருக்குச் சுழலத்தான் தெரியும். மின்கலத்தோடு இணைத்தால் சுற்றும். கம்பிகளை மாற்றி இணைத்தால் எதிர்த்திசையில் சுற்றும். ஆனால், வீட்டில் செய்யப்படும் முதல் ரோபோவிடம் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது வேறு வேலை. ஒரு பொருளைத் தூக்க வேண்டும். கதவைத் தள்ள வேண்டும். தட்டை உயர்த்த வேண்டும். சுழற்சியை நேரான நகர்வாக மாற்றித் தரும் கருவிக்கு நேர்கோட்டு இயக்கி என்று பெயர். பெயர்தான் புதிது, கருவியின் தத்துவம் மிகப் பழையது. தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் திருகு அச்சை நினைத்துப் பார்க்கலாம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் தட்டு மெல்ல இறங்கி, கெட்டியான மாவையும் துளைகளின் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. கைப்பிடி இருக்கும் இடத்தில் மோட்டாரை வைத்தால் அதுவே மின் இயக்கி.

பினாங்கில் வளரும் மாணவர்களுக்கு எந்திரங்கள் அந்நியமானவை அல்ல. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை இங்கே தொடங்கியது. இன்று தீவில் பல வீடுகளில் மின்னணு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒருவராவது இருப்பார். சில்லுகளை எடுத்து வைக்கும் ஆலை எந்திரத்துக்கு மின்னல் வேகமும் மயிரிழைத் துல்லியமும் தேவை. வீட்டு ரோபோவுக்கு இரண்டுமே தேவையில்லை. அதற்குத் தேவையானவை எவை என்பதை, அது செய்யப்போகும் வேலைதான் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழும் மாணவி ஒருத்தி, பாட்டிக்காக ஒரு ரோபோ செய்ய முனைகிறாள் என வைத்துக்கொள்ளலாம். சக்கரம் வைத்த சிறு வண்டி அது. மருந்தையும் தண்ணீர்ப் புட்டியையும் சுமந்து கட்டிலருகே போய் நிற்கும். பிறகு தட்டை 30 செண்டிமீட்டர் உயர்த்தும். பாட்டி குனியாமலேயே மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த ரோபோவுக்கு எப்படிப்பட்ட இயக்கி பொருந்தும்?

விற்பனைப் பட்டியலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது '1000 நியூட்டன்' என்ற பெரிய எண். ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை அது. பாட்டியையே தூக்கிவிடலாம்! ஆனால், தூக்க வேண்டியது தட்டும் புட்டியும் சேர்ந்து 2 கிலோகிராம்தான். அதற்கு 20 நியூட்டன் விசை போதும். உராய்வையும் கம்பிகளின் எடையையும் கருதி, இரு மடங்காக 40 நியூட்டன் என்று கொள்ளலாம். தேவைக்கு மிஞ்சிய விசை வீண்செலவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. இடையில் விரல் சிக்கிக்கொண்டாலும் வலிமையான இயக்கி தயங்கி நிற்காது. அதற்கு மாவும் விரலும் ஒன்றுதான்.

அடுத்து நீளம். தண்டு 30 செண்டிமீட்டர் நீள வேண்டுமென்றால், சுருங்கிய நிலையிலும் அந்த இயக்கி அதைவிட நீளமாகத்தான் இருக்கும். மோட்டாருக்கும் பற்சக்கரங்களுக்கும் இடம் வேண்டுமே! 25 செண்டிமீட்டர் உயரமுள்ள வண்டிக்குள் அதை நிமிர்த்தி வைக்க முடியாது. முதல் முறை செய்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அளவுகோலைத் தேடுவார்கள்.

இங்கே நெம்புகோல் கைகொடுக்கும். 30 செண்டிமீட்டர் நீளமுள்ள கை ஒன்றை வண்டியில் கீல் வைத்துப் பொருத்தி, அதன் நுனியில் தட்டை வைக்கலாம். இயக்கியைக் கீலிலிருந்து 6 செண்டிமீட்டர் தள்ளி இணைத்தால், அது சுமார் 6 செண்டிமீட்டர் நகரும்போது தட்டு 30 செண்டிமீட்டர் உயரும். நகர்வு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. விசை ஐந்து மடங்காக உயர்ந்து 20 நியூட்டன் 100 நியூட்டனாகிறது. இயற்கை யாருக்கும் இலவசமாக எதையும் தருவதில்லை. 20 நியூட்டனை 0.3 மீட்டரால் பெருக்கினாலும் 6 ஜூல். 100 நியூட்டனை 0.06 மீட்டரால் பெருக்கினாலும் அதே 6 ஜூல். பாதுகாப்புக்காக இரு மடங்காக்கினால், 200 நியூட்டன் தள்ளும் இயக்கி போதுமானது. ஒரே ஒரு கை மட்டும் இருந்தால் உயரும்போது தட்டு சாய்ந்துவிடும். சில மேசை விளக்குகளில் இருப்பதுபோல் இரண்டு கைகளை இணையாக வைத்தால் தட்டு மட்டமாகவே இருக்கும்.

15 விநாடியில் தட்டு மேலே வந்தால் போதும். 6 ஜூல் வேலையை 15 விநாடியில் செய்வதற்கு வேண்டிய திறன் 0.4 வாட்தான். திருகின் உராய்வில் பெரும்பகுதி வீணானாலும் சில வாட் திறனுள்ள சிறிய மோட்டார் இதைச் செய்து முடிக்கும். கணக்குப் போடாமல் கடைக்குப் போகிறவர் இதை நம்பமாட்டார்.

மோட்டாரின் சுமையை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் கொடிமலையைப் பார்க்கலாம். பினாங்குக் கொடிமலைக்கு ரயில்பாதை அமைக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சி தோல்வியுற்றது. பிறகு அமைந்த பாதை 1923இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி உண்டு. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. இறங்கும் பெட்டியின் எடையே ஏறும் பெட்டியை இழுக்க உதவுவதால், மோட்டார் பெரும்பாலும் எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே சமாளித்தால் போதும். ரோபோவின் கையிலும் ஒரு சுருள்வில்லையோ எதிர்எடையையோ சேர்த்து இதே பயனைப் பெறலாம். அளவு மிஞ்சினால், புட்டியை எடுத்தவுடன் காலித் தட்டு மேலே துள்ளப் பார்க்கும்.

சரி, எந்த வகை இயக்கி? பேருந்துக் கதவைப் 'புஸ்' என்ற ஒலியுடன் திறக்கும் காற்று உருளை வேகமானது. ஆனால், காற்றை அழுத்தும் எந்திரத்தின் இரைச்சல் பாட்டியின் உறக்கத்தைக் கெடுத்துவிடும். அறிவியல் விழாக்களில் காணப்படும் தண்ணீர் ஊசிக்குழாய் அழகாக இயங்கும். சில நாளில் கசியத் தொடங்கலாம். மின்காந்தத்தால் இழுக்கும் சோலினாய்டு மிகக் குறுகிய தூரமே நகரும். பழைய அச்சுப்பொறியைப் பிரித்தால் பல்பட்டை ஒன்று கிடைக்கும். மை வைத்த பெட்டியை இடமும் வலமும் விரைந்து இழுப்பது அதுதான். ஆனால், மின்சாரம் நின்றால் அதற்குப் பிடிப்பு இல்லை.

இந்த ரோபோவைப் பொறுத்தவரை, அந்தப் பிடிப்புதான் எல்லாவற்றிலும் முக்கியம். தட்டு மேலே இருக்கும்போது மின்கலம் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? திடீரென்று கீழே விழுந்தால் மருந்து சிதறும். பாட்டியின் கை மேலே இருந்தால் அடிபடும். திருகுத் தண்டு அப்படிக் கைவிடாது. ஆனால், எல்லாத் திருகும் ஒன்றல்ல. கடைகளில் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு திருகுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகரும். மற்றொன்று 2 மில்லிமீட்டர்தான் நகரும். முன்னதன் மரை செங்குத்தான சரிவு போன்றது. மேலிருந்து பாரம் அழுத்தினால் மோட்டாரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடக்கூடும். பின்னதன் சரிவு மிகக் குறைவு. உராய்வே அதைப் பிடித்து நிறுத்திவிடும். வேகத்தை விரும்புகிறவர் முதல் திருகை எடுப்பார். இந்த மாணவி எடுக்க வேண்டியது இரண்டாவது திருகை. 6 செண்டிமீட்டர் நகர 30 சுற்று. 15 விநாடியில் 30 சுற்று என்றால் நிமிடத்துக்கு 120 சுற்று. பற்சக்கரம் பொருத்திய சாதாரண 12 வோல்ட் மோட்டாரே அதற்குப் போதும்.

திருகுத் தண்டுக்கு நேராகத் தள்ளத்தான் தெரியும். பக்கவாட்டில் பாரம் விழுந்தால் வளையும். அதனால் அதன் இரு முனைகளையும் இறுக்கி முடுக்காமல் ஊசியாணியில் அசையும்படி பொருத்த வேண்டும். பயணத்தின் இரு எல்லைகளிலும் நிறுத்து விசைமாற்றி ஒவ்வொன்று வேண்டும். இல்லாவிட்டால், தண்டு முட்டி நின்ற பிறகும் மோட்டார் முனகிக்கொண்டே சூடாகி எரிந்துபோகும். மின்சுற்றில் உருகி ஒன்றையும் சேர்த்துவிடுவது நல்லது.

முதல் சோதனைக்கு மருந்து வேண்டாம்; 2 கிலோகிராம் அரிசிப்பை போதும். தட்டு பாதி உயரத்தில் இருக்கும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தட்டின் விளிம்பு நிற்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். இரவு உணவு முடிந்து வந்து பார்க்கும்போது தட்டு அந்தக் கோட்டிலேயே நின்றால், ரோபோவைப் பாட்டியின் அறைக்குக் கொண்டு போகலாம். ஒரு விரற்கடை இறங்கியிருந்தாலும் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.