பாட்டியின் கை ஜெபமாலை

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்லாத நாளே கிடையாது. அதைத் தொடங்கி வைப்பவர் என் பாட்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலது கை மெல்ல நடுங்கத் தொடங்கியது. மணிகள் விரலில் நிற்கவில்லை. நடை தளர்ந்தது. நாற்காலியை விட்டு எழுவதே பெரும்பாடாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், "சீக்கிரம் வாங்க பாட்டி! கையை ஏன் இப்படி ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று சீறிவிட்டேன். பாட்டி கோபிக்கவில்லை. "நானா ஆட்டுறேன் தாயி? அதுவா ஆடுது" என்றார். அன்று திருப்பலியில் என் மனம் ஒன்றவேயில்லை.

அது பார்க்கின்சன் நோய் என்று பிறகு மருத்துவர் சொன்னார். லெவோடோபா என்னும் மருந்து கலந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுக்கச் சொன்னார். சில வாரங்களில் பாட்டி தாமே எழுந்து முற்றத்துக்கு நடந்தார். எனக்கு வியப்புத் தாங்கவில்லை. இந்த மருந்துக்கு வழிகாட்டிய புண்ணியவான் யார்? விலங்கியல் ஆசிரியையிடம் கேட்டேன். நூலகத்தில் தேடிப் பார்க்கச் சொன்னார். அப்படித்தான் அர்விட் கார்ல்சன் என்ற பெயரை அறிந்தேன்.

அவர் 1923இல் ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில் பிறந்தவர். தந்தை வரலாற்றுப் பேராசிரியர். மகனோ லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். உடலில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் போக்குவரத்தைப் பற்றி ஆராய்ந்து, 1951இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே உயர் பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை! மருந்தியல் துறைக்குக் கால்சிய ஆராய்ச்சி முக்கியமானதன்று என்று பெரியவர்கள் கருதினார்களாம். அவர் சோர்ந்து உட்காரவில்லை. அமெரிக்கா சென்று, பெர்னார்டு பிராடி என்பவரின் ஆய்வுக்கூடத்தில் மூளையைப் பாதிக்கும் மருந்துகளைப் பற்றிக் கற்றுத் திரும்பினார்.

அங்கே அவர் கையாண்ட மருந்து ரெசர்பின். இது நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதை முயல்களுக்குக் கொடுத்தால், அவை காதுகள் தொங்க, அசையாமல் அப்படியே உட்கார்ந்துவிடும். 1957இல் கார்ல்சன், மார்கிட் லிண்ட்குவிஸ்ட், டோர் மாக்னுசன் ஆகிய மூவரும் அந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளை ஊசி மூலம் செலுத்தினர். சிறிது நேரத்தில் முயல்கள் விழித்தெழுந்து நடமாடின!

நம் மூளையில் ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடந்து செய்தி கொண்டுசெல்பவை சில வேதிப்பொருள்கள். அவற்றுள் ஒன்றுதான் டோபமின். அதுவரை அறிஞர்கள் அதை வேறொரு பொருள் உண்டாவதற்கான இடைப்பட்ட படி என்றே எண்ணியிருந்தனர். அது தானே ஒரு தூதுவன், உடலின் அசைவுக்கு இன்றியமையாதது என்பதைக் கார்ல்சன் குழுவினர் காட்டினர். பார்க்கின்சன் நோயில் டோபமினை உண்டாக்கும் அணுக்கள் அழிகின்றன. டோபமினை மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் புகாது. லெவோடோபா புகும், புகுந்து அங்கே டோபமினாக மாறும்.

ஆனால் உலகம் உடனே தலையாட்டிவிட்டதா? இல்லை. 1960இல் லண்டனில் கூடிய அறிஞர் அவை அவருடைய கருத்தை ஐயத்துடனேயே பார்த்தது. 1936இல் நோபல் பரிசு பெற்ற ஹென்றி டேலும் அந்த அவையில் இருந்தார். கார்ல்சன் வாதாடிக்கொண்டே நிற்கவில்லை. ஊர் திரும்பிச் சோதனைகளைத் தொடர்ந்தார். அதே காலத்தில் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்னும் மருத்துவர், இம்மருந்தை வாய்வழியே சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். கார்ல்சனுக்கு நோபல் பரிசு 2000ஆம் ஆண்டில், கிரீன்கார்டு, காண்டல் இருவருடன் சேர்த்து வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 77. முயல்கள் எழுந்து நடந்து 43 ஆண்டுகள் ஆகியிருந்தன! 2018இல், 95ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அன்புத் தோழிகளே, தேர்வில் ஒரு மதிப்பெண் குறைந்தால் உலகமே இருண்டதாக எண்ணுகிறோம். அவருக்கு ஒரு கதவு அடைபட்டதால் அல்லவா வேறொரு கதவைத் தட்டினார்? அந்தக் கதவு வழியே வந்த வெளிச்சம் எங்கள் வீட்டு முற்றம் வரை எட்டியிருக்கிறது.

இந்த மாத்திரை நோயைத் தீர்த்துவிடாது. அதன் வேகம் தணியும் வேளையில் பாட்டியின் கை மீண்டும் நடுங்கும். அது என் ஜெபமாலையின் நேரமாக இருந்தால், நான் அருகில் அமர்ந்து அவர் விரல்களைப் பிடித்து, ஒவ்வொரு மணியாக நகர்த்திக் கொடுக்கிறேன். "சீக்கிரம்" என்ற சொல் இப்போது என் வாயில் வருவதில்லை. ஜெபத்தின் முடிவில், என்றும் கண்டிராத அந்த ஸ்வீடன் நாட்டு மனிதருக்காகவும் ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.