ரயில் விட்டுப்போன அமைதி

இங்கிலாந்தின் டோர்செட்டில் காஸில்மன் பாதையில் சைக்கிள் மிதிப்பவரைப் பெரும்பாலும் எந்த ஹாரனும் துரத்துவதில்லை. பூல் அருகே தொடங்கி ரிங்வுட் வரை சுமார் 26 கிலோமீட்டர். டயருக்கடியில் சரளை நறநறக்கிறது. முதலில் ஹீத் எனப்படும் மணற்பாங்கான புதர்வெளி. ஆகஸ்டில் ஹெதர் பூத்து ஊதாவாகிவிடும். பிறகு பைன் காடு. முடிவில் ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கு.

மூச்சு வாங்கும் மேடுகள் குறைவு. காரணம், இது ரயிலுக்காகச் சமன்படுத்திய நிலம். விம்போர்ன் வக்கீல் சார்லஸ் காஸில்மனின் முயற்சியால் 1847இல் திறக்கப்பட்ட பாதை. வளைந்து நெளிந்து போனதால் கேலிப் பெயர்களும் கிடைத்தன. 1963இல் டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை, நஷ்டம் தரும் பாதைகளை மூடச் சொன்னது. 1964 மே மாதத்தோடு இங்கே பயணிகள் ரயில் நின்றது.

சைக்கிள்காரர்கள் ரசிக்கும் அமைதிக்கு விலை கொடுத்தது உள்ளூர்க்காரர்கள். விம்போர்னிலும் ரிங்வுட்டிலும் இன்றும் ரயில் நிலையம் இல்லை. ஞாயிறன்று சைக்கிளில் சுற்றுபவர், திங்களன்று வேலைக்குப் போக பஸ்ஸையோ காரையோதான் நம்ப வேண்டும். பழைய பாதையின் சில துண்டுகளில் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அங்கே சைக்கிளும் தெருவில் இறங்கி, கார்களோடு கார்களாகப் போக வேண்டியதுதான்.