குப்பம் கடைத்தெரு யாருடைய பணத்தில் நிற்கிறது?

ஆந்திர எல்லையிலுள்ள குப்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது ஒரு பெயரைத்தான். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. அவரால் வளர்ந்த ஊர் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அரசு கல்லூரி கட்டலாம், சாலை போடலாம். தெருவுக்குத் தெரு கடை வைத்து, அதில் வியாபாரமும் நடக்கச் செய்ய அதனால் ஆகாது. இந்தக் கடைகளை நிறுத்திவைத்த பணம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

பழைய அதிகாரம் இருந்த இடம் குப்பமே அல்ல. கோட்டையும் மலையுமாக நிற்கும் கங்குந்தி. வட ஆற்காடு மாவட்டத்து ஜமீன் அது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இந்தப் பகுதி அதில் சேர்ந்தது; 1953-ல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. கோட்டை இருந்த கங்குந்தி கிராமமாகவே நின்றுவிட, கடைத்தெரு குப்பத்தில் வளர்ந்தது. காரணம் தண்டவாளம். ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வழியாகப் பெங்களூருக்கு 1864-ல் ரயில் ஓடத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்து விளைச்சலுக்கு ஒரு வாசல் கிடைத்தது.

பஜாரில் ஒரு மூத்த மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். வீட்டில் தமிழ், கல்லாவில் தெலுங்கு, பெங்களூர் மொத்த வியாபாரியிடம் கன்னடம் என்று மூன்றிலும் பழகியவர். “அப்பல்லாம் கடன் நோட்டுதாங்க வியாபாரம். வெள்ளாமை வித்தாத்தான் பாக்கி வரும். மழை இல்லன்னா நோட்டு அப்படியே கெடக்கும்” என்றார். நான் தேடிய பதிலின் பாதி அதில் இருந்தது. கடைத்தெரு வெகுகாலம் மழையை நம்பியே பிழைத்திருக்கிறது. பாலாறு இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அது மணல்தான்.

மறுபாதி 1997-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. பிறகு பொறியியல் கல்லூரி, பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி, அதன் மருத்துவமனை. இவற்றோடு மாணவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள் வந்து தங்கினார்கள். அவர்களுக்கு வாடகை வீடு வேண்டும், மெஸ் வேண்டும், ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, செல்போன் கடை வேண்டும். மாதா மாதம் வரும் பணம் முதன்முறையாகப் பெரிய அளவில் கடைத்தெருவுக்குள் புகுந்தது. காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்களின் சம்பளமும் அதில் சேர்ந்தது. “இப்ப ஒண்ணாந் தேதிக்கு மேல நோட்டுல பாக்கி கொறஞ்சிடுது” என்று அதே கடைக்காரர் சொன்னார். ஊராட்சியாக இருந்த ஊர் நகராட்சியானது. 2021 நவம்பரில் 25 வார்டுகளுக்கு முதல் தேர்தல் நடந்தது.

மாதச் சம்பளம் மட்டும் ஒரு ஊருக்குப் போதுமா? பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் சம்பளத்தை நம்பி எழுந்த நகரம் அது. 2001-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் அங்கிருந்தவர்கள் பிழைப்பைத் தேடிப் பெங்களூர் ரயில் ஏற வேண்டியதாயிற்று. குப்பத்தில் ஒரு கல்லூரி விடுதி காலியானால் எத்தனை மெஸ்கள் மூடும் என்பதை அதை வைத்தே கணக்கிடலாம்.

எல்லையில் கடை வைத்திருப்பவருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி.யில் எளிய இணக்க வரித் திட்டத்தில் சேரலாம். ஆனால் அதில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. வேலூரிலுள்ள சிறு வியாபாரி நூறு கிலோமீட்டர் தள்ளியும் தன் மாநிலத்துக்குள் சரக்கு அனுப்பலாம். குப்பத்துக்காரர் அடுத்த ஊரான தமிழகக் கிராமத்துக்கு ஒரு மூட்டை அனுப்பினாலே திட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். மூன்று மாநில வாடிக்கையாளர்களைக் கொண்ட ஊரில் இந்த விதி சிறு கடைகளின் கையைக் கட்டுகிறது. எல்லையோர ஊர்களுக்கு இதில் விலக்கு தருவதே நியாயம்.

வெள்ளாமைப் பக்கத்துக்கு வந்தால், 2025 ஆகஸ்டில் ஹந்திரி–நீவா திட்டத்தின் குப்பம் கிளைக் கால்வாயில் கிருஷ்ணா தண்ணீருக்கு ஜல ஹாரதி எடுத்தார்கள். ஸ்ரீசைலம் அணையிலிருந்து பல கட்டமாக மேலேற்றப்பட்டு, 700 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வந்த தண்ணீர். கடைத்தெருவின் கதையைத் தேடிப் போன எனக்கு இந்தக் கால்வாய் பாசனத்தோடு நின்றுவிடும் விஷயமாகத் தெரியவில்லை. சம்பளப் பணத்தோடு வெள்ளாமைப் பணமும் தவறாமல் வந்தால்தான் ஒன்று தடுமாறும்போது மற்றொன்று கடையைக் காக்கும். ஆகவே குப்பத்தின் வளர்ச்சியை மாடிக் கட்டடங்களை எண்ணி அளக்க வேண்டாம். ஏரிகள் நிரம்பினவா, கடைசி மடை வரை தண்ணீர் போனதா, மழை பொய்த்த ஆண்டிலும் விவசாயி கடன் நோட்டில் தன் பாக்கியைத் தீர்க்க முடிந்ததா என்று கேட்டு அளக்க வேண்டும்.